இரண்டு அரைத் தலைக்கட்டும் சோழிப்பல்லனும்

பச்சையம்மாள் வீட்டுப் பின்கதவை அஞ்சலாட்சி தட்டினாள் என்ற செய்தி காலை பத்து மணிக்குக் கோரைமேட்டுக் குப்பத்துத் தண்ணீர்க் குழாயடியில் புறப்பட்டு, பத்தே காலுக்கெல்லாம் வலைக் கொட்டகையைத் தாண்டிவிட்டது. கடலில் படகு கவிழ்ந்தால்கூடச் செய்திக்கு இவ்வளவு சீக்கிரம் கால் முளைப்பதில்லை. காரணம் இருக்கிறது. இருவரும் ஓரகத்திகள். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள் பச்சையம்மாள், தம்பிக்கு அஞ்சலாட்சி. அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். இவர்கள் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பதினொரு வருடம் ஓட்டினார்கள். அஞ்சலாட்சி மகள் கல்யாணத்தில் பச்சையம்மாளை மூன்றாம் பந்தியில் உட்கார வைத்ததுதான் சண்டை. மூன்றாம் பந்திக்குப் பாயசம் எட்டவில்லை. அதற்கு முன்பும் ஏதோ இருந்தது என்கிறார்கள். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன், இருவரும் வாயைத் திறக்கவில்லை.

அப்படிப்பட்டவள் தானாகப் போய்க் கதவைத் தட்டினாள் என்றால் யாராவது செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது பிறந்திருக்க வேண்டும். பிறந்திருந்தது. பிறக்கவே பிறக்காது என்று முத்திரை குத்தி எழுதிக் கொடுக்கப்பட்ட ஒன்று.

அதற்கு முன்னால் சிப்பியைச் சொல்லியாக வேண்டும். எந்த நாட்டுக் கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு வந்ததோ தெரியாது, கருஞ்சிப்பி ஒன்று கோரைமேட்டு உப்பங்கழிக்குள் நுழைந்தது. ஐந்தே வருடத்தில் சேறு கண்ணுக்குத் தெரியாதபடி கம்பளம் விரித்துவிட்டது. இறால் பதுங்கச் சேறு இல்லை, மட்டி வாய் திறக்க இடம் இல்லை, கால் வைத்தால் பாதம் கிழிந்தது. ஆண்களுக்குக் கவலையில்லை, படகைத் திருப்பிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். பெண்கள் எங்கே போவது? இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, ஓலையில் பின்னிய பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்கள் அவர்கள். கழியின் வடக்குத் திட்டுதான் அவர்கள் இடம். அஞ்சலாட்சி அங்கே முப்பது வருடம் தடவியவள். சாயங்காலத்தில் சந்தையில் உட்கார்ந்து வாங்குகிறவர்களுக்கு மீன் அரிந்து கொடுப்பாள். திட்டு போனால் அரிவாள்மனை மட்டும் மிச்சம், அதில் வைத்து அரிய மீன் இராது.

அந்த நேரத்தில்தான் ஆதிமீன் நிறுவனம் வந்து இறங்கியது. சிப்பியை நொறுக்கித் தின்பதற்கென்றே பல் படைத்த மீன் குடும்பம் ஒன்று முன்பு இருந்தது, அதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறோம் என்றார்கள். முன்பு என்றால் பாட்டன் காலம் இல்லை. டைனோசர் காலத்தில் தலையெடுத்து, அவை எல்லாம் போன பிறகும் தாக்குப்பிடித்து, நாலு கோடி வருடத்துக்கு முன்னால் அடியோடு அழிந்த குடும்பம். விசிறிக் கம்பிபோலத் துடுப்பில் முள் ஓடுகிற சாதி. பிக்னோடான்ட் என்று அவர்கள் சொன்ன பெயர் குப்பத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. சாப்பாட்டுத் தட்டை நெட்டுக்குத்தாக நிறுத்தி வைத்த மாதிரி உடம்பு. வாயைப் பிளந்து பார்த்தால் மேலண்ணத்தில் சோழியைக் கவிழ்த்து வரிசையாகப் பதித்த மாதிரி பல். சோழிப்பல்லன் என்று பெயர் வைத்து முடித்துவிட்டார்கள்.

முதல் தடவை மீனை விட்ட அன்று, அதை உண்டாக்கிய டாக்டர் ஜெசிந்தாவும் படகில் வந்திருந்தார். தூத்துக்குடிக்காரர், நாற்பது வயதிருக்கும், கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு வராத ஒரே கம்பெனி ஆள். அஞ்சலாட்சி கிட்டே போய், கல்லாகிப்போன எலும்பிலிருந்து எப்படி உயிரை எடுத்தீர்கள் என்று விசாரித்தாள்.

"எலும்புல ஒண்ணும் மிஞ்சாதுக்கா. உடம்பு எப்படி இருந்துச்சுன்னு மட்டுந்தான் அது சொல்லும். அந்த உடம்பு வர்ற மாதிரி, இப்ப இருக்கிற மீன் ஒண்ணோட மரபணுவை வரி வரியா மாத்தி எழுதினோம். கதை எழுதுற மாதிரிதான்."

"அப்போ இந்த மீனை எழுதினது நீயா?"

"முதல் எழுத்துலருந்து கடைசி எழுத்து வரைக்கும் நான்தான்."

டாக்டர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் எழுதியது என்று ஆகிவிட்டால் சட்டம் அதைப் புத்தகம் போலப் பார்க்கும் என்பது குப்பத்துக்குப் பிறகுதான் உறைத்தது. மீனுக்கு உரிமை எழுதியவர் வழியாகக் கம்பெனிக்கு. ஒவ்வொரு மீனின் முதுகிலும் அரிசி அளவுக்கு ஒரு மின்னணுச் சில்லு. வலையில் சிக்கினால் திருப்பி விட வேண்டும், குழம்பு வைத்தால் திருட்டு, கம்பெனிக்குத் தெரியாமல் குஞ்சு பொரிக்க வைத்தால் கள்ளப் பிரதி. பொரிக்க வழியே இல்லை என்று டாக்டர் சொன்னார். விட்டது அத்தனையும் பெட்டை. இரண்டு வருடத்தில் ஆயுள் முடிந்துவிடும், அதனால் வருடா வருடம் பங்குனியில் புதுமீன் வரும்.

எந்த மீனை வைத்து எழுதினீர்கள் என்று அஞ்சலாட்சி கேட்டாள். கலவா என்றார் டாக்டர். அஞ்சலாட்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்தில் நின்ற கம்பெனி அதிகாரி ஹரிகேசவன், தொழில்நுட்பச் சந்தேகங்களை எழுத்துமூலம் அனுப்பலாம், முப்பது நாளில் பதில் வரும் என்று கைகூப்பினார். அவர் எல்லாவற்றுக்கும் கைகூப்புகிறவர். அஞ்சலாட்சி வாயை மூடிக்கொண்டாள். முப்பது நாள் காத்திருந்து சொல்லுகிற அளவுக்கு அது ஒன்றும் அவளுடைய மீன் இல்லையே.

சோழிப்பல்லன்கள் வேலை செய்தன, அதை மறைக்க முடியாது. தண்ணீருக்குள் காதை வைத்தால் வேர்க்கடலை உடைக்கிற சத்தம் கேட்கும். மூன்றே வருடத்தில் கம்பளம் கிழிந்து சேறு தெரிந்தது, இறால் திரும்பி வந்தது. நாலாவது வருடம் ஹரிகேசவன் ஒப்பந்தத் தாளோடு வந்தார். இனி வருடா வருடம் புதுமீன் வேண்டுமானால் வடக்குத் திட்டு முழுவதும் கம்பெனிக்கு வேண்டும். அங்கே வேலி போட்டு மீனை ஆராய்வார்கள், யாரும் இறங்கக் கூடாது. கொடுக்காவிட்டால் மீன் வராது, இரண்டு வருடத்தில் சிப்பி திரும்ப வந்துவிடும்.

குப்பத்துத் தலைவர் கஜபதி கூட்டம் போட்டார். திட்டில் வலையா ஓடுகிறது, பெண்கள் தடவுகிற இடம்தானே என்று ஆண்கள் சீக்கிரமே சம்மதித்துவிட்டார்கள். ஆண்கள் சீக்கிரம் சம்மதிக்கிற விஷயங்களைக் கவனித்துப் பார்த்தால் பெரும்பாலும் அடுத்தவர் பொருளாக இருக்கும். வரும் பௌர்ணமிக்கு மறுநாள் கையெழுத்து என்று முடிவானது. அஞ்சலாட்சி கொட்டகைக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அன்று இரண்டு பேரிடம் சண்டை போட்டாள், ஒன்றும் நடக்கவில்லை.

கூட்டம் முடிந்த நாலாம் நாள்தான் அவள் கை அதன்மேல் பட்டது. அமாவாசைக்கு இன்னும் இரண்டு நாள். வடக்குத் திட்டின் மூலையில், பழைய சிப்பிக் குவியல்கள் சுவர்போல வளைந்து நிற்கிற பள்ளத்தில் தடவிக்கொண்டிருந்தாள். உள்ளங்கைக்குள் ஏதோ துடித்தது. இறால் விருட்டென்று பின்னால் தெறிக்கும், இது வட்டமடித்தது. கூட்டிப் பிடித்துத் தூக்கினால் ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு சோழிப்பல்லன். நகத்தால் வாயைத் திறந்து பார்த்தாள். கடுகு கடுகாகப் பல். முதுகில் சில்லு இல்லை. குனிந்து தண்ணீருக்குள் பார்த்தாள். பள்ளம் முழுக்க நாணயங்கள் மின்னிக்கொண்டிருந்தன.

பறியில் போடவில்லை. விட்டுவிட்டு நேராகப் பச்சையம்மாள் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்த பச்சையம்மாள், "இன்னா, பாயசம் கொண்டாந்தியா?" என்றாள்.

"இல்லக்கா. அதைவிடப் பெரிசு."

"பதினோரு வருசம் கழிச்சு வந்துட்டு நின்னுக்கினே பேசுவியா? உள்ள வா. வெளியே மூணு பேரு குடத்தை நிரப்பாம நிக்கிறாளுங்க பாரு."

உண்மைதான், மூன்று பேர் நின்றார்கள். அதனால்தான் உள்ளே பேசியதும் பிறகு குப்பத்துக்குத் தெரிந்தது. கதவு பழசு.

அஞ்சலாட்சி நடந்ததைச் சொன்னாள். பச்சையம்மாளும் சந்தையில் மீன் அரிகிறவள். இத்தனைக்கும் ஒரே வரிசையில், இடையில் இரண்டு ஆள் விட்டு உட்காருகிறவர்கள். பெட்டையாக விட்ட மீனுக்குக் குஞ்சு எப்படி வந்தது என்று பச்சையம்மாள் கேட்டபோது, அஞ்சலாட்சி கலவா என்ற ஒரு வார்த்தைதான் சொன்னாள். பச்சையம்மாள் வாயில் இருந்த வெற்றிலை வெளியே வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

"அடிப்பாவி. கலவாயை வச்சா செஞ்சானுங்க?"

"அன்னிக்கே சொல்ல வந்தேங்கா. எழுதி அனுப்புன்னாரு."

கோரைமேட்டுச் சந்தையில் கலவா அரிகிற எவளைக் கேட்டாலும் சொல்லுவாள். சின்னக் கலவாயை அரிந்தால் சினை இருக்கும். பெரிய கலவாயில் சினை இருக்காது, வெள்ளையாகப் பால்தான் இருக்கும். பெட்டையாகப் பிறந்து, வளர்ந்து, கூட்டத்தில் ஆண் இல்லையென்றால் இருக்கிறதிலேயே பெரியது ஆணாக மாறிவிடும். வயிற்றைக் கீறுகிற கைக்குத் தெரிந்த சங்கதி. படித்தவர்களுக்கும் தெரிந்திருக்கும், புத்தகத்தில் எங்காவது இருக்கும். ஆனால் கம்பெனி கேட்டது பெட்டை மீன், அவர்கள் பெட்டையாகத்தான் எழுதினார்கள். அது பெட்டையாகவே இருக்க வேண்டும் என்று யாரும் எழுதவில்லை.

"இதுங்க பொழைச்சு வளந்துச்சுன்னா," என்றாள் அஞ்சலாட்சி, "நமக்குப் பங்குனி மீனு தேவையில்ல. திட்டைக் குடுக்கத் தேவையில்ல. கம்பெனிக்குத் தெரிஞ்சிச்சுன்னா மருந்து கலக்கி ஊத்திடுவானுங்க. அந்த மருந்துல சோழிப்பல்லன் மட்டும் சாவுமாம்."

"அதுக்கு நான் இன்னா செய்யணும்?"

"நீ பாதி. நான் பாதி."

இந்த இடத்தில் பாடு பற்றிச் சொல்ல வேண்டும். பாடு என்பது கழியில் யார் எங்கே மீன் பிடிப்பது என்கிற முறை. ஒவ்வொரு அமாவாசையும் பௌர்ணமியும் கொட்டகையில் சீட்டு எடுப்பார்கள். யாருக்கு எந்த இடம் விழுகிறதோ, அந்தப் பதினைந்து நாளும் அது அவன் பாடு. அவன் சம்மதம் இல்லாமல் அந்த எல்லைக்குள் இன்னொருவர் கால், துடுப்பு, வலை எதுவும் படக் கூடாது. பட்டால் அவர் படகைக் கரையேற்றிக் கவிழ்த்துவிடுவார்கள். சீட்டில் பெயர் இருக்க வேண்டுமானால் தலைக்கட்டாக இருக்க வேண்டும். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. அவன் செத்தால் அவன் மனைவி அரைத் தலைக்கட்டு. கோயில் கிடா வெட்டினால் அவளுக்குப் பாதிப் பங்கு கறி. சீட்டில் பாதிப் பெயர் எழுத முடியாது என்பதால் பாடு கிடையாது.

இரண்டு பாதி சேர்ந்தால் ஒன்று என்று இத்தனை தலைமுறையில் யாரும் கேட்டதில்லை. குப்பத்தில் எந்த இரண்டு விதவைகளும் எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். அதற்கு இந்த இருவரே சாட்சியாக இருந்தார்கள்.

அமாவாசையன்று காலை கொட்டகைக்குள் இரண்டு பேரும் சேர்ந்து நுழைந்தபோது சீட்டுச் சுருட்டிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான். அஞ்சலாட்சி நீட்டி முழக்கவில்லை. நாங்கள் இரண்டு பேர், ஒரு தலைக்கட்டு, எங்களுக்கு வடக்குத் திட்டு வேண்டும் என்றாள். கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. கஜபதி கையை உயர்த்தி அடக்கினார். இப்படி ஒரு வழக்கம் இல்லையே என்றார்.

"வழக்கம் இல்லைன்னா தடையும் இல்லை தலைவரே. அரைன்னு சொன்னது நீங்க. ரெண்டு அரையைக் கூட்டினா எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க."

"கணக்குக்கு ஒண்ணுதான். ஆனா பொம்பளைங்க..."

"தம்பி," என்று பச்சையம்மாள் குறுக்கிட்டாள். கஜபதிக்குச் சின்ன வயதில் மூக்குச் சிந்திவிட்டவள் அவள், அதை அவர் மறந்தாலும் அவள் மறந்ததில்லை. "கிடா வெட்டுற அன்னிக்கு என் பாதியும் இவ பாதியும் சேத்து ஒரே தட்டுலதான் எடுத்துக்கினு வந்து போட்டான் உன் புள்ள. ஒரு பங்கு சரியா இருக்குதுன்னு அப்போ சொன்னான். கறிக்கு ஒண்ணு, கழிக்கு ஒண்ணுமில்லையா?"

யாரும் விரும்பாத இடம் வடக்குத் திட்டு. சீட்டில் அது விழுந்தவன் தலையில் அடித்துக்கொண்டு, பெண்கள் தடவுவதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவான். இன்னும் பதினைந்து நாளில் கம்பெனிக்குப் போகப் போகிற இடத்துக்காக எதற்கு விதவைகளிடம் வாய் கொடுக்க வேண்டும் என்று கஜபதி நினைத்திருக்க வேண்டும். திட்டைச் சீட்டில் சேர்க்காமல் நேராக எழுதிக் கொடுத்தார். இரண்டு பெயரும் ஒரே வரியில். எல்லைக்கு நாலு மூங்கிலும் ஊன்றப்பட்டது.

ரகசியம் ஆறு நாள் தாங்கியது. கோரைமேட்டைப் பொறுத்தவரை அது பெரிய சாதனை. ஏழாம் நாள் கஜபதிக்குத் தெரிந்தது. அவர் பயந்துபோனார். கள்ளப் பிரதி வைத்திருந்த ஊர் என்று வழக்கு வந்தால் முதல் பெயர் அவருடையது. எட்டாம் நாள் அவர் கம்பெனிக்குப் போன் செய்தார். இதை அவர் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை, ஆனால் போனைச் சத்தமாகப் பேசுகிற பழக்கம் அவருக்கு உண்டு.

ஒன்பதாம் நாள் காலையில் கம்பெனிப் படகு வந்தது. ஹரிகேசவன், மருந்துப் பீப்பாயோடு நாலு ஆட்கள், பின்னால் டாக்டர் ஜெசிந்தா. குப்பம் முழுக்கக் கரையில் கூடிவிட்டது. அடுப்பில் உலை வைத்தவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்கள். மூங்கில்களுக்கு உள்ளே இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு பெண்களும் நின்றார்கள். பச்சையம்மாளுக்கு முழங்கால் வலி, ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சலாட்சி படகின் மூக்கையே பார்த்தாள். அந்தப் படகு ஒரு முழம் உள்ளே வந்துவிட்டால் அவள் முப்பது வருடமாகத் தடவிய சேறு அவளுடையது இல்லை. கீழே கணுக்காலைச் சுற்றி நாணயங்கள் உரசிக்கொண்டு போயின. அசையாமல் நின்றாள்.

"அம்மா, நீங்க வேலையைத் தடுக்கிறீங்க," என்று ஹரிகேசவன் கைகூப்பினார்.

"இது எங்க பாடு சார். பௌர்ணமி வரைக்கும் எங்க சம்மதம் இல்லாம யாரும் உள்ள வரக் கூடாது."

"முதல் தடவை மீன் விட்டப்போ போட்ட ஒப்பந்தம் இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன். ரெண்டாவது பக்கத்துல பாருங்க. கிராமத்துப் பாடு முறைக்குக் கட்டுப்பட்டுன்னு நீங்களே போட்டிருக்கீங்க. என் பொண்ணு படிச்சுக் காமிச்சா."

அந்த வரியைக் கம்பெனி சும்மா ஒரு மரியாதைக்காகத்தான் சேர்த்திருந்தது, கூட்டத்தில் தலைவருக்குச் சால்வை போடுகிற மாதிரி. சால்வையைப் பிடித்து இழுப்பார்கள் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஹரிகேசவன் போனில் யாரிடமோ பேசினார், திரும்ப யாரிடமோ பேசினார். பிறகு கைகூப்பாமல் பேசினார். குஞ்சுகள் கம்பெனி எழுத்தின் கள்ளப் பிரதி என்று எழுதியவர் உறுதி சொன்னால் போதும், பாடாவது கீடாவது, சாயங்காலத்துக்குள் கோர்ட் ஆணையோடு உள்ளே வரலாம். எழுதியவர் இதோ படகிலேயே இருக்கிறார்.

டாக்டர் ஜெசிந்தா படகிலிருந்து எழுந்து, உள்ளே வரலாமா அக்கா என்று கேட்டார். கேட்டதற்காகவே அஞ்சலாட்சி சம்மதித்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தார். ஒரு குஞ்சைக் கையில் ஏந்தி, சட்டைப்பை அளவு கருவி ஒன்றில் அதன் துடுப்பு நுனியைத் தொட்டுவிட்டு, உடனே தண்ணீரில் விட்டார். கருவியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கரையில் ஒரு குழந்தை அழுதது, அதன் தாய் வாயைப் பொத்தினாள்.

"இது நான் எழுதினது இல்லை," என்றார் டாக்டர்.

ஹரிகேசவனுக்குப் புரியவில்லை. திரும்பப் பார்க்கச் சொன்னார். அஞ்சலாட்சிக்கே அது நம்பும்படியாக இல்லை. அவள் குரலைத் தாழ்த்தி, "நெசமாவா டாக்டரம்மா?" என்றாள்.

டாக்டர் எல்லாருக்கும் கேட்கும்படிதான் பதில் சொன்னார். "என் மீனுக்குக் குஞ்சு பிறக்கவே பிறக்காதுன்னு அரசாங்கத்துக்கு உறுதிமொழி குடுத்திருக்கோம் சார். நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், நீங்களும் போட்டிருக்கீங்க. இது பிறந்திருக்கு. அப்போ இது என் மீனா எப்படி இருக்க முடியும்? இல்லை, இது என்னுதுதான்னு எழுதிக் குடுக்கட்டுமா? குடுத்தா, நாம விட்ட அத்தனை கழியிலயும் பொய் சொல்லியிருக்கோம்னு சேர்த்து எழுதணும்."

படகில் மருந்துப் பீப்பாய்மேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான், காரணம் அவனுக்கே தெரிந்திருக்காது.

டாக்டர் அஞ்சலாட்சி பக்கம் திரும்பினார். பத்து வருடம் எழுதினதை ஒரு வாக்கியத்தில் இல்லை என்று சொன்ன முகத்தில் வருத்தமும் இருந்தது, குறும்பும் இருந்தது. "கலவா பத்தி அன்னிக்கே ஏதோ சொல்ல வந்தீங்களே அக்கா. என்ன சொல்ல வந்தீங்க?"

"பெரிசுல பால் இருக்கும்னு சொல்ல வந்தேன்."

"எனக்குத் தெரியும்," என்றார் டாக்டர். "தெரிஞ்சுதான் கலவாயை எடுத்தேன்." அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லாமல் படகுக்குத் திரும்பி நடந்தார். அடுத்த மாதம் அவர் அந்தக் கம்பெனியில் இல்லை.

படகு போன பிறகு நடந்ததுதான் கோரைமேட்டுக்கே உரியது. கம்பெனிப் படகின் புகை அடங்குவதற்குள் கஜபதிக்கு ஒரு ஞானம் பிறந்தது. எழுதியவரே இல்லை என்றால் மீன் யாருடையதும் இல்லை, யாருடையதும் இல்லை என்றால் குப்பத்துடையது. குப்பத்துடையது என்றால் தலைவருடைய பொறுப்பு. பிடித்துத் தன் வீட்டுத் தொட்டியில் வளர்த்தால் மற்ற கழிக்காரர்கள் எல்லாம் கோரைமேட்டு வாசலில் வந்து நிற்பார்கள், கம்பெனி நின்ற இடத்தில் கஜபதி நிற்கலாம். அரை மணி நேரத்தில் பொடிக்கண் வலையோடு ஆறு பேர் மூங்கிலுக்கு வெளியே வந்துவிட்டார்கள். முன்னால் கஜபதி.

"நல்ல வேலை செஞ்சீங்க. இனிமே நாங்க பாத்துக்கறோம், நீங்க கரையேறுங்க."

"இன்னும் ஆறு நாள் எங்க பாடு," என்றாள் அஞ்சலாட்சி.

"அது கம்பெனிக்காரனுக்குச் சொல்றது. நமக்குள்ள இன்னா?"

"நமக்குள்ளதான் பாடு. அவனுக்கு அது ஒரு வரி." மூங்கிலில் கை வைத்திருந்த ஆளைப் பார்த்துச் சொன்னாள், "கையை எடு ராஜவேலு. உன் படகு புதுசு. கவுத்துப் போட்டா பெயின்ட் போயிடும்."

ராஜவேலு கையை எடுத்தான். கஜபதி ஒரு காலை உள்ளே வைத்தார். முழுக்க வைக்கவில்லை, தண்ணீரில் நுனிக்கால் பட்டது. கரையில் கூட்டம் அப்படியே நின்றது. பாடு எல்லையை மீறினால் படகைக் கவிழ்க்கச் சொல்லி உத்தரவு போட வேண்டியவர் அவர்தான். தன் படகையே கவிழ்க்கத் தானே உத்தரவு போட்ட தலைவர் என்று பேரன் காலம் வரை பேசுவார்கள், பேசுவதற்கு ஆள் குறைச்சல் இல்லாத ஊர். காலை எடுத்துக்கொண்டார். ஆறு நாள்தானே, உட்கார்ந்து பார்க்கலாம் என்று கரையில் வலையைப் பரப்பிக் காவலுக்கு ஆள் போட்டார்.

அந்த ஆறு நாளும் இரண்டு பெண்களும் விடிந்தால் திட்டில் இறங்கி, பொழுது சாய்ந்தால்தான் ஏறினார்கள். கரையில் இருந்தவர்கள் சீட்டாடினார்கள். தண்ணீருக்குள் இரண்டு பேரும் குனிந்து குனிந்து எதையோ செய்வதும், அவ்வப்போது ஒருவரை ஒருவர் வைவதும் தெரிந்தது. பதினொரு வருடத்துப் பாக்கிப் பேச்சைப் பேசித் தீர்க்கிறார்கள் என்று ஊர் முடிவு கட்டியது. கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்த அஞ்சலாட்சி மகள்கூட ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் அப்போதே தெரிந்திருக்கும்.

பௌர்ணமியன்று காலை பாடு முடிந்தது. கஜபதி தானே முதல் வலையை வீசினார். இழுத்தால் உடைந்த சிப்பி. இன்னொரு பக்கம் வீசினார், நண்டு ஒன்று. ஆறு பேரும் சேர்ந்து பள்ளத்தைத் துழாவினார்கள். சுவர்போல வளைந்து நின்ற சிப்பிக் குவியலில் இரண்டு ஆள் அகலத்துக்கு வழி இருந்தது. சிப்பி சிப்பியாகக் கையால் பெயர்த்து எடுத்த வழி. அதன் வாய் தண்ணீர் ஓடுகிற பெரிய கழியைப் பார்த்துத் திறந்திருந்தது. கம்பெனிப் படகு போன அன்று சாயங்காலம் தண்ணீர் வடிகிற வற்றத்திலேயே குஞ்சுகள் போய்விட்டன. அதற்கடுத்த ஐந்து நாளும் இரண்டு பேரும் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் வெறும் தண்ணீருக்குக் காவல் நின்றிருக்கிறார்கள், குஞ்சுகள் தூரம் போகட்டும் என்று.

"எங்கடி போச்சு?" என்று கஜபதி கேட்டார். மரியாதையெல்லாம் வலையோடு போய்விட்டது.

"கழி பெரிசு தலைவரே," என்றாள் அஞ்சலாட்சி. கைவிரல் பத்திலும் துணி சுற்றியிருந்தது.

அப்போதே தெற்குக் கரைக் குப்பத்திலிருந்து ஆள் வந்தது, அவர்கள் பக்கம் சிப்பிப் பாறையில் வட்டமாகச் சின்ன மீன்கள் மேய்கின்றன, கோரைமேட்டார் விட்டதா என்று கேட்டுக்கொண்டு. கஜபதி வாசலில் மறுநாளைக்கான ஒப்பந்தத் தாள் காத்திருந்தது. பங்குனி மீனுக்காகத் திட்டைக் கொடுக்கும் தாள். மீன் கழியெல்லாம் இருக்கிறது, திட்டும் இருக்கிறது. அந்தத் தாளுக்கு மட்டும் வேலையில்லாமல் போய்விட்டது.

அவர் வலையைச் சுருட்டிக்கொண்டே, யாரிடம் கேட்கிறோம் என்றே தெரியாமல், "நாளைக்குக் கையெழுத்துக்கு வருவானுங்களே, இன்னா சொல்றது?" என்றார்.

"போடுங்க," என்றாள் அஞ்சலாட்சி. "உங்களுக்குச் சொந்தமா எதுனா இருந்தா, அதைக் குடுத்துட்டுப் போடுங்க."

பச்சையம்மாளைக் கைத்தாங்கலாகக் கரையேற்றி விட்டுவிட்டு, அஞ்சலாட்சி தன் பறியை எடுத்துக்கொண்டு திரும்ப வடக்குத் திட்டில் இறங்கினாள். பௌர்ணமிச் சீட்டு எடுக்க இன்னும் அரை நாள் இருந்தது. வற்றம் நன்றாக இருந்தது. அன்று இறால் கிடைத்தது.